ஆர்க்கிட் பிழைத்த வீடு

காலையில் எழுந்ததும் நப்பின்னை முதல் வேலையாகத் தலையணையைப் பிழிந்தாள். அரை டம்ளர் தேறியது. கணவன் சேந்தனின் தலையணையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவன். தூக்கத்தில் விடும் மூச்சிலிருக்கும் ஈரத்தை வீணாக்காமல் பிடித்துவைப்பதற்கென்றே செய்த தலையணைகள் அவை. செவ்வாய்க் கிரகத்தின் செம்பாலைக் குடியிருப்பில் மூச்சுத் தலையணை இல்லாத வீடு கிடையாது. குறட்டை விடும் மாப்பிள்ளைக்கு அங்கே தனி மவுசு.

பூமியில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். குழாயைத் திறந்துவிட்டுவிட்டுப் பல் தேய்க்கிற ஜனங்களுக்கு எதுதான் சிரிப்பாக இருக்காது? செம்பாலையில் தண்ணீர் என்பது நிலத்தடிப் பனியைக் குடைந்தெடுத்து, உருக்கி, உப்பு நீக்கி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தருவது. அந்தப் பங்கை எல்லோரும் இடுப்புக்குப்பியில் கட்டிக்கொண்டு திரிவார்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் கும்பிடு போடுவதில்லை. தன் குப்பியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரை அந்த வீட்டின் விருந்துப் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். ஊற்ற வந்த கையைத் தடுப்பதைவிடப் பெரிய அவமரியாதை அந்த ஊரில் இல்லை. பிள்ளை பெற்றவர்களின் உதடுகள் எப்போதும் வெடித்துக் கிடக்கும், தங்கள் பங்கில் பாதி பிள்ளைக்குப் போய்விடுவதால். யாராவது பெண்ணின் உதடு வழவழப்பாக இருந்தால், அவள் மலடி அல்லது சுயநலக்காரி என்று தெருவே பேசிக்கொள்ளும்.

நப்பின்னை பிழிந்த தண்ணீரைக் குடிக்கவில்லை. ஜன்னல் இல்லாத அந்த நிலத்தடி வீட்டின் மூலையில், பகல்விளக்குக்குக் கீழே ஒரு தொட்டி இருந்தது. அதில் ஓர் அந்துப்பூச்சி ஆர்க்கிட். பூத்தால் வெள்ளை அந்துப்பூச்சிகள் சிறகை விரித்து ஒரே காம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்; அதனால் அந்தப் பெயர். இப்போது பூ ஒன்றும் இல்லை. தடித்த இலைகள் தொய்ந்து, சுருக்கம் விழுந்து கிடந்தன. அவள் பிழிந்ததை எல்லாம் தொட்டியில் ஊற்றினாள்.

"குடிச்சுக்கோ கண்ணு" என்றாள். சொல்லும்போதே அவள் கீழுதட்டில் பழைய வெடிப்பு ஒன்று விட்டுக்கொண்டு ரத்தம் கசிந்தது.

அந்தச் செடியைச் சும்மா அழகுக்கு வைத்திருக்கவில்லை. காற்றையும் தண்ணீரையும் அளந்து வைத்திருக்கும் ஊரில் நினைத்தவர்கள் நினைத்தபோது பிள்ளை பெற்றுக்கொள்ள முடியாது. வயது வந்த எல்லோருடைய கையிலும் ஒரு கருத்தடைச் சில்லு தைத்திருக்கும். பிள்ளை வேண்டும் என்று விண்ணப்பிக்கும் தம்பதிக்குக் குடிப்பெருக்க மன்றம் ஓர் ஆர்க்கிட்டைக் கொடுக்கும். ஓராண்டு அதை வளர்க்க வேண்டும். முடிவில் ஓர் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, மழலை உரிமம் உண்டு அல்லது இல்லை என்று சொல்வார். உண்டு என்றால் சில்லை எடுத்துவிடுவார்கள். எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று மன்றம் யாருக்கும் சொன்னதில்லை. உரிமம் வாங்கியவர்களும் வாயைத் திறப்பதில்லை. ஒரு தம்பதிக்கு இரண்டு வாய்ப்புகள்தான், அதுவும் பெண்ணுக்கு நாற்பது தாண்டுவதற்குள்.

நப்பின்னைக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது.

முதல்முறை அவர்கள் வீட்டுக்குரல் சொன்னபடி நடந்தார்கள். வீட்டுக்குரல் என்பது சுவருக்குள் இருக்கும் இயந்திரம். கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். பூமியின் நூலகங்களைக் கரைத்துக் குடித்தது, அதனால் நூலகத் தமிழிலேயே பேசும். வேர்கள் வெள்ளி நிறமாகக் காய்ந்த பின்பே நீர் தருக, என்றது. தந்தார்கள். சில மாதத்தில் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அது இயல்பு, மீண்டும் பூக்கும், என்றது. இலைகள் பச்சையாக, வெறும் குச்சியோடு செடி நின்றபோது ஆய்வாளர் வந்தார். "போதாது" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அன்று நப்பின்னை அழுத அழுகையில் தலையணை கனத்துவிட்டது. பூ உதிர்ந்ததுதான் காரணம், பூ உதிர்ந்தது தாகத்தால், தாகம் தன்னால் என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது செடி வந்த நாளிலிருந்து அவள் தன் பங்கைக் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஜைனம்பு. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் உதடுகளைப் பார்த்தாலே அது தெரியும். உள்ளே வந்தவள் விருந்துப் பாத்திரத்தைத் தாண்டி நேராக மூலைக்குப் போய், குப்பியைத் திறந்து செடிக்கு ஊற்றினாள்.

"நேத்தைவிட இன்னும் வாடிருச்சே தங்கச்சி. தாகம் பாரு, பாவம்."

"நீங்களும் ஊத்திட்டா பிள்ளைங்களுக்கு அக்கா?"

"ஒரு வாய்தானே. தெருவில யாரு ஊத்தல? நீ வேலைக்குப் போயிருக்கிறப்ப ஆளுக்கு ஒரு வாய் ஊத்திட்டுத்தான் போறோம். உனக்கு ஒரு புள்ள வரணும்னு எங்களுக்கு மட்டும் ஆசை இல்லையா?"

நப்பின்னைக்குக் கண் கலங்கியது. செம்பாலையில் அதைவிடப் பெரிய அன்பை யாரும் யாருக்கும் காட்ட முடியாது. "உங்க செடி எப்படி அக்கா இருந்துச்சு? கடைசியில பூ இருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஜைனம்புவின் முகம் மாறியது. "அதெல்லாம் எப்பவோ. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று குப்பியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை வேலையிலிருந்து திரும்பிய சேந்தன் வாசலிலேயே நின்றான். அவன் பனிச்சுரங்கத்தில் குழாய்களைப் பழுதுபார்ப்பவன். மூக்கை உறிஞ்சினான்.

"இது என்ன வாடை?"

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"தண்ணி தேங்கிப்போன குழாயைத் திறந்தா வரும் பாரு, அந்த வாடை." அவன் மோப்பம் பிடித்துக்கொண்டே மூலைக்குப் போனான். தொட்டியிலிருந்து செடியை மெல்லத் தூக்கினான். மரப்பட்டைத் துண்டுகளோடு கறுப்பாகக் கூழ் மாதிரி ஏதோ கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. வேர்கள்.

"வேர் அழுகல்" என்றது வீட்டுக்குரல். "காரணம், மிகை நீர்."

"வாயை மூடு!" என்று கத்தினாள் நப்பின்னை. "போன தடவை உன் பேச்சைக் கேட்டுத்தானே இந்தக் கதி. தண்ணி குடிச்சு யாராவது செத்திருக்காங்களா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. செம்பாலையில் தண்ணீர் இல்லாமல் செத்தவர்கள் உண்டு. அதிகமாகி எதுவும் செத்ததை அங்கே பிறந்த யாரும் பார்த்ததில்லை. வெள்ளம் என்ற சொல் பாடப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பிள்ளைகள் அதைக் கேட்டு நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள்.

"இலை வாடியிருக்கே, தாகம்தானே அது?" என்றாள் சேந்தனிடம். குரல் உடைந்திருந்தது.

"தாகம்தான்" என்று சுவரே பதில் சொன்னது. "ஆயினும் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. இச்செடி மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விட்டு வாழ்வது. நனைந்தபின் அதன் வேர் காய வேண்டும், மூச்சு விட வேண்டும். எப்போதும் ஈரத்தில் நிறுத்தினால், தண்ணீரில் நின்றபடியே தாகத்தால் சாகும். தொட்டியில் துளைகளும் இல்லை."

ஓட்டை உள்ள பாத்திரத்தை அந்த ஊரில் யார் செய்வார்கள்? மன்றம் தந்த தொட்டியே அப்படித்தான் இருந்தது.

சேந்தன் கையிலிருந்த கறுப்புக் கூழை முகர்ந்து பார்த்தான். அவனுக்குச் சுவரின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. தன் மூக்கின் மேல் இருந்தது. "பின்னை, தேங்கின குழாயில எவ்வளவு தண்ணி விட்டாலும் நாத்தம்தான் கூடும். தண்ணியை நிறுத்தினாத்தான் குழாய் பிழைக்கும். இது சொல்றது சரின்னு எனக்குப் படுது."

"நிறுத்தி, அது செத்துப்போனா?"

"இப்பவே செத்துக்கிட்டுத்தான் இருக்கு."

இதுதான் கடைசி. தப்பாகப் போனால் மூன்றாவது செடி கிடையாது, பிள்ளை கிடையாது. அவள் நெடுநேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள். தானே வெட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சேந்தன் அழுகிய வேர்களை எல்லாம் வெட்டினான். கெட்டியாக மிஞ்சியவை மூன்றே மூன்று. காற்று வடிகட்டியில் போடும் கரித்துண்டுகளை மரப்பட்டைக்குப் பதிலாக எடுத்துக்கொண்டான். துளைப்பானால் தொட்டியின் அடியில் ஓட்டைகள் போட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் நப்பின்னை காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆய்வுக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். முதல் பிரச்சினை தெரு. செடிக்குத் தொற்று வந்திருக்கிறது, பக்கத்தில் போனால் மற்ற வீட்டுக்குப் பரவும் என்று பொய் சொல்லி, வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டினார்கள். செம்பாலையில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. ஜைனம்பு குப்பியைத் திறந்துகொண்டு வந்து நின்றபோது நப்பின்னை வாசலை மறித்து, "வேண்டாம் அக்கா" என்றாள். ஜைனம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திறந்த குப்பியை மூடாமலே திரும்பிப் போனாள். அதன்பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது பிரச்சினை நப்பின்னையின் கை. சுருங்கிய இலையைப் பார்க்கும்போதெல்லாம் அது தன்னையறியாமல் இடுப்புக்குப்பிக்குப் போகும். ஒருநாள் மூடியைத் திறந்து தொட்டிக்கு மேல் சாய்த்தேவிட்டாள். சேந்தன் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடு. அது கேக்குது."

"அது கேக்கல. உன் மனசு கேக்குது. அந்தத் தண்ணியை நீயே குடி, என் கண்ணு முன்னாடி குடி."

அவள் குடித்தாள். மாதக்கணக்கில் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்காதவளுக்கு அது தேவாமிர்தமாக இறங்கியது. அப்படி இருந்ததற்காகவே அவமானமாகவும் இருந்தது. அன்றிலிருந்து தினமும் தன் பங்கைத் தானே குடித்தாள். செடியை, கரி நன்றாகக் காய்ந்த பின், வாரத்தில் ஒருமுறை நனைத்து வடியவிட்டு எடுத்தார்கள். வடிந்ததைத் தட்டில் பிடித்து விருந்துப் பாத்திரத்தில் சேர்த்தார்கள்.

இலைகளில் ஒன்று மஞ்சளாகி விழுந்தது. அன்று இருவரும் சாப்பிடவில்லை. அடுத்ததும் விழுமோ என்று நப்பின்னை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். விழவில்லை. ஆய்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, விளக்கைத் துடைக்கப் போன சேந்தன் அப்படியே குனிந்து நின்றுவிட்டான்.

"பின்னை. இங்க வா. ஓடி வா."

தண்டின் அடியிலிருந்து ஒரு புதுவேர் கிளம்பியிருந்தது. வெள்ளி நிறத்தில், நுனி மட்டும் பளிச்சென்று பச்சையாக. மேலே, இரண்டு இலைகளுக்கு நடுவே, நகக்கண் அளவுக்கு ஒரு குருத்து. தொய்ந்து கிடந்த இலைகள் விறைப்பாக நிமிர ஆரம்பித்திருந்தன.

நப்பின்னை சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். உதடு வெடித்து வலிக்காமல் சிரிக்க முடிகிறதே என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஆய்வு நாளன்று ஆய்வாளர் அமலோற்பவம் வந்தார். முதல்முறை வந்தவரும் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் என்பதை மடிப்பு மடிப்பாக வெடித்திருந்த அவர் உதடுகளே சொல்லின. விருந்துப் பாத்திரத்தில் முறைப்படி ஒரு வாய் ஊற்றினார். வாசலுக்கு வெளியே தெருவே கூடி நின்றது. கோபத்தில் இருந்தாலும் ஜைனம்புவும் வந்திருந்தாள்.

"இப்படி வெளிச்சத்துக்கு வாங்கம்மா" என்றார் ஆய்வாளர்.

நப்பின்னை தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அதைச் சொல்லல. நீங்க வாங்க."

அவள் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்குக்கு அடியில் நின்றாள். அமலோற்பவம் அவள் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சேந்தனின் முகத்தைப் பார்த்தார். இருவரின் இடுப்புக்குப்பிகளையும் தட்டிப் பார்த்தார். இரண்டிலும் தண்ணீர் இருந்தது. அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"போதாதும்மா."

"அம்மா, நீங்க செடியைப் பார்க்கவே இல்லையே!" நப்பின்னை தொட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "செத்துப்போக இருந்துச்சு. பிழைக்க வச்சிருக்கோம். இது புதுவேர். இது குருத்து. பாருங்க."

அமலோற்பவம் ஒப்புக்குப் பார்த்தார். தொட்டியின் அடியில் இருந்த ஓட்டைகள் கண்ணில் பட்டதும் ஓர் எட்டு பின்னால் போனார். "ஓட்டை போட்டிருக்கீங்களா?"

"இல்லேன்னா வேர் அழுகிரும் அம்மா. தண்ணி கூடினதுதான் அதுக்குச் சீக்கு."

"செடி எல்லார் வீட்டுலயும்தான் சாகும்" என்றார் அமலோற்பவம் அலுப்போடு. "உரிமம் வாங்கின எந்த வீட்டுல செடி பிழைச்சிருக்கு? என்னோடதும் செத்துச்சு. அந்தா நிக்கிறாளே, அவளோடதும் செத்துச்சு." வாசலில் ஜைனம்பு தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றி நின்ற தாய்மார் எல்லோருமே குனிந்துகொண்டார்கள். தன் செடி மட்டும்தான் செத்தது, ஆய்வாளர் பாவம் பார்த்து உரிமம் கொடுத்துவிட்டார் என்று இத்தனை காலம் ஆளாளுக்கு நினைத்து, வெட்கப்பட்டு, மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க செடியைப் பார்க்க வர்றதில்ல. தன் வாயைக் கட்டி, தன் தொண்டை காஞ்சாலும் பரவாயில்லன்னு ஊத்துறது யாருன்னு பார்க்க வர்றோம். போன தடவை உங்க ரெண்டு பேர் உதட்டுலயும் ஒரு கீறல் இல்ல. ஆனா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தெருவில உங்களைப் பார்த்தேன். உதடெல்லாம் ரத்தம். அன்னைக்கே மனசுக்குள்ள உங்களுக்கு உரிமம் குடுத்துட்டேன். அப்புறம் என்னம்மா ஆச்சு? ஏன் அலுத்துப்போச்சு?"

நப்பின்னை தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாங்க அதைக் கொல்லலையேம்மா" என்றான் சேந்தன். "அதுக்காகவா வேண்டாங்கிறீங்க?"

"அன்பா இருந்தேன்னு சொல்றீங்க. அடையாளம் எங்க தம்பி?"

"தாவர நூல்களின்படி இச்செடியின் நிலை மிகச் சிறப்பு" என்றது வீட்டுக்குரல். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அமலோற்பவம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கத் திரும்பினார்.

நப்பின்னை கையிலிருந்த செடியைப் பார்த்தாள். புதுவேரைப் பார்த்தாள். அதை எப்படிக் காப்பாற்றினோம் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்து என்ன செய்யப் போகிறோம், அதனால் என்ன ஆகும் என்பதும் நன்றாகத் தெரியும். தொட்டியோடு செடியை விருந்துப் பாத்திரத்துக்குள் இறக்கினாள். கரித்துண்டுகள் மிதந்தன. தன் குப்பியைத் திறந்து கடைசிச் சொட்டு வரை அதில் ஊற்றினாள். சேந்தன் இடுப்பிலிருந்த குப்பியைப் பிடுங்கி அதையும் ஊற்றினாள். அவன் தடுக்கக் கை நீட்டி, பிறகு கையைக் கீழே போட்டுவிட்டான்.

"குடி" என்றாள். "எல்லாத்தையும் நீயே குடி." கண்ணீர் கொட்டியது. அது நடிப்பில்லை. அந்தச் செடிக்காகத்தான் அழுதாள்.

அமலோற்பவம் நின்றார். திரும்பி வந்து அவளை அப்படியே கட்டிக்கொண்டார். "இதுதாம்மா. இதைத்தான் தேடி வந்தேன்" என்றார். உரிம வில்லையைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். தன் கண்ணில் வந்ததை விரலால் வழித்து, வீணாகாமல் நாக்கில் வைத்துக்கொண்டார்.

தெரு முழுக்க உள்ளே நுழைந்தது. ஜைனம்பு முதலில் ஓடிவந்து, "என்னை மன்னிச்சிரு தங்கச்சி, உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்" என்று குப்பியைப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். பின்னாலேயே ஆளாளுக்கு ஊற்றினார்கள். சேந்தன் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலைத் தாண்டப் போன அமலோற்பவம் திரும்பிப் பார்த்தார்.

"பொறக்கப்போற புள்ளையையும் இதே மாதிரி பாத்துக்கணும், என்ன?"

பாத்திரத்தின் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. அடியில் புதுவேரின் பச்சை நுனி இன்னும் தெரிந்தது.

"பாத்துக்கறேங்க அம்மா" என்றாள் நப்பின்னை.